.44 மேக்னம் உதைப்பு: கைப்பிடியை மாற்றினால் குறையுமா?

வணக்கம். டெக்சாஸில் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சி இடம்) போகிறவர்கள் யாராவது உதவுங்கள்.

என்னுடையது .44 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுடுவது). சுட்டதும் மரக் கைப்பிடி உள்ளங்கையில் உருண்டு மேலே எழுகிறது; டிரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) நடுவிரல் முட்டியில் இடிக்கிறது. வலி கூடப் பரவாயில்லை. அடுத்த தோட்டா வெடிக்கும் முன்பே கை தானாக இறுகிக் குறி தவறுவதுதான் பெரிய கவலை. இதே துப்பாக்கியில் பலம் குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டா போட்டால் சுகமாக இருக்கிறது, ஆனால் மான் வேட்டைக்கு மேக்னத்தின் வேகம் வேண்டும்.

ஒப்பிட, இதைவிடப் பலமான ரிவால்வரான, 2003-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500-இன் நீளக் குழல் மாடல் ஏறக்குறைய 2 கிலோ. அந்த எடையும், பின்பக்கத்தையும் மூடும் ரப்பர் பிடியும்தான் அதைச் சுட முடிகிற அளவுக்கு வைத்திருக்கின்றன. எனக்கு ரப்பர் பிடி போதுமா, பிஸ்லி வடிவ (கையில் அதிகம் உருளாத, நிமிர்ந்த வளைவுள்ள) கைப்பிடிக்கே மாறிவிடலாமா? கையுறை போட்டுச் சுடுகிறவர்களும் சொல்லுங்கள்.