செக்யூரிட்டி ஏஜென்சியிடம் ஒழுங்காக வேலை வாங்குவது எப்படி? (சத்துவாச்சாரி அபார்ட்மென்ட்)

சத்துவாச்சாரி_செயலாளர்:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் 60 வீடு உள்ள அபார்ட்மென்டில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். நேரடியாக வைத்திருந்த வாட்ச்மேன் வயதாகி நின்றுவிட்டதால் போன வருடம் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். முன் கேட், பின் கேட் இரண்டிலும் பகலும் ராத்திரியும் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. இப்போது வாரத்துக்கு ஒரு புது முகம் வருகிறது, யார் வீட்டுக்காரர் யார் வெளியாள் என்று அவருக்கும் தெரியவில்லை, அவர் யார் என்று எங்களுக்கும் தெரியவில்லை. பின் கேட்டில் நடுராத்திரி தாண்டினால் நாற்காலியைச் சுவரோரம் சாய்த்துப் போட்டுத் தூக்கம். ரவுண்ட்ஸ் நோட்டில் மணிக்கு ஒரு முறை ‘ரவுண்ட்ஸ் ஓகே’ என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி 12 மணிக்குப் போய்ப் பார்த்தால் விடியற்காலை 5 மணி வரைக்குமான வரிகளை அப்போதே எழுதி முடித்திருந்தார்கள். போன வாரம் பார்க்கிங்கில் இருந்து இரண்டு சைக்கிள் போய்விட்டது. ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசருக்கு போன் போட்டால் “ஆள மாத்திடறோம் சார்” என்பது மட்டும்தான் பதில்.

ஏஜென்சியை மாற்றினால் சரியாகுமா, இல்லை இவர்களிடமே வேலை வாங்க வழி இருக்கிறதா? கமிட்டியில் பாதிப் பேர் இன்னும் விலை குறைவான ஏஜென்சியைப் பார்க்கச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள்_சுபேதார்:
சார், ராணுவத்தில் இருந்து வந்த பிறகு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தூங்குகிற ஆளை மாற்றுவதற்கு முன், அவர் ஏன் தூங்குகிறார் என்று பாருங்கள்.

ஒரு கணக்கு. இரண்டு கேட், 12 மணி நேர ஷிப்ட் என்றால் ஒரு நாளைக்கு 4 டூட்டி, வாரத்துக்கு 28 டூட்டி. ஒரு ஆள் வாரம் 6 டூட்டி பார்த்து ஒரு நாள் ஓய்வு எடுக்க வேண்டுமானால் 28க்கு 5 ஆள் வேண்டும். உங்கள் இடத்துக்கு எத்தனை பேர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 4 பேர் என்றால் வார ஓய்வே கிடையாது, யாராவது ஒருவர் லீவு போட்டால் பகல் பார்த்தவரே ராத்திரியும் பார்ப்பார். பல இடத்தில் பகல் வேறு சைட்டில் நின்றுவிட்டு ராத்திரி இங்கே வருவார். 24 மணி நேரம் நின்ற மனுஷன் நடுராத்திரியில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது சார், அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. டூட்டி சார்ட்டை மாதத் தொடக்கத்திலேயே பெயரோடு வாங்குங்கள், ரிலீவர், அதாவது ஓய்வு, லீவு நாளில் மாற்றாக நிற்பவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தால் இரண்டாவது ஷிப்டுக்குப் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அப்புறம் கேபினைப் பாருங்கள். மே மாத வேலூர் வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே ஃபேன் இல்லாமல், குடிக்கத் தண்ணி இல்லாமல், பாத்ரூமுக்கு எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வைத்தால் நல்ல ஆள் ஒரு மாதம்கூட இருக்க மாட்டார். வாரத்துக்கு ஒரு புது முகம் வருவதற்குச் சம்பளமும் இதுவும்தான் காரணம்.

மோட்டார் போடுவது, காய்கறிப் பையை மாடிக்குத் தூக்குவது, கார் துடைப்பது எல்லாம் அவர் தலையில் இருக்கிறதா? அவர் மோட்டார் ரூமுக்குப் போன அந்த நேரம் கேட் காலி. என்ன வேலை, என்ன வேலை இல்லை என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி கேபினில் ஒட்டுங்கள். டெலிவரி பையனை எதுவரை விடுவது, ராத்திரி வரும் வெளியாளுக்கு எந்த வீட்டுக்கு போன் போட்டுக் கேட்பது, அவசரம் என்றால் முதலில் யாருக்குச் சொல்வது, 112க்கு எப்போது அடிப்பது என்று அதில் இருக்கட்டும். புதிதாக வருகிற ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் டூட்டியில் நிற்க வேண்டும்.

காந்திநகர்_பொருளாளர்:
சுபேதார் ஐயா சொன்னது சரி. காட்பாடி காந்திநகரில் எங்கள் சங்கக் கணக்கை நான் பார்க்கிறேன், அதனால் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விலை குறைந்த ஏஜென்சிக்குப் போகாதீர்கள் சார், தயவுசெய்து கமிட்டியிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு காவலருக்குச் சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முதலாளி பங்கு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், அது 1,820. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், அது 455. இதுவே 16,275 ஆகிவிட்டது. இதற்கு மேல் போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், யூனிஃபார்ம், ரிலீவர் செலவு, ஏஜென்சி லாபம், எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இதே சம்பளக் கணக்கைக் காட்டி ஒருத்தர் 15,500க்கு ஆள் தருகிறேன் என்று வந்தால் அந்த மீதி யார் வயிற்றில் அடித்து வருகிறது? பி.எஃப். கட்ட மாட்டார்கள், இல்லையென்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள், இல்லையென்றால் ஐயா சொன்ன மாதிரி 5 ஆள் வேலையை 4 ஆளை வைத்து ஓட்டுவார்கள்.

நாங்கள் பில்லை மொத்தத் தொகையாக வாங்குவதில்லை. சம்பளம் இவ்வளவு, பி.எஃப். இவ்வளவு, சர்வீஸ் சார்ஜ் இவ்வளவு என்று பிரித்துத்தான் வர வேண்டும். போன மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய சலானையும், அதில் நம் ஆட்களின் பெயர் இருக்கும் பக்கத்தையும் இணைத்தால்தான் இந்த மாத பில் பாஸ் ஆகும். சலான் மட்டும் போதாது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காவலரிடமே சம்பளம் எப்போது வந்தது, கையில் எவ்வளவு வந்தது என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போடவில்லை என்றால் ஏஜென்சிக்கு ஒரு சதவீதம் பிடித்தம். ஆள் வராத ஷிப்டுக்கும் ஏஜென்சி பில்லில்தான் பிடிப்போம். அந்தப் பிடித்தத்தைக் காவலர் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள், போடாவிட்டால் அப்படியே அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

லைசென்ஸ் பார்த்தீர்களா? 2005ஆம் வருட தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழில் நடத்தவே கூடாது, மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 25,000 வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸ் 5 வருடத்துக்குத்தான், தேதியைப் பாருங்கள். ஒரு மாவட்டத்துக்கு மட்டும், சில மாவட்டங்களுக்கு, மாநிலம் முழுக்க என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். நம் பழைய மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது, அதனால் இன்றைய வேலூர் மாவட்டம் அவர்கள் லைசென்ஸில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கம்மவான்பேட்டை_மாப்பிள்ளை:
ஏஜென்சியே வேண்டாம் என்பது என் கருத்து. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள், ரிட்டயர் ஆகி வந்தவர்கள் எத்தனையோ பேர். நேரடியாக இரண்டு பேரை வையுங்கள், ஏஜென்சிக்குப் போகிற பணத்தையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள், நிலைத்து நிற்பார்கள்.

முன்னாள்_சுபேதார்:
தம்பி, எங்கள் ஆட்களைப் பற்றி நல்லதாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் இரண்டு பேரை வைத்து நான்கு டூட்டி ஓடாது. ஒருத்தர் பெண் கல்யாணத்துக்கு 10 நாள் போனால் செயலாளர் சார்தான் கேட்டில் நிற்க வேண்டும். சின்ன அபார்ட்மென்ட், ஒரே கேட், ராத்திரி மட்டும் என்றால் உங்கள் யோசனை நன்றாக வரும். இவர்களுக்கு ஏஜென்சிதான் சரி, அதில் எத்தனை பேர் முன்னாள் படைவீரர் என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கலாம். மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களா என்றும் கேட்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிப்படி புது ஆளுக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி. சான்றிதழ் கேளுங்கள், போட்டோ போட்ட அடையாள அட்டையும் கேளுங்கள். வயது 18க்கு மேல், 65க்குள் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

தோட்டப்பாளையம்_அக்கா:
இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் எங்கள் அபார்ட்மென்டில் பல வீடுகளை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாமில் இருந்து வருகிற குடும்பங்கள், நோயாளியோடு ராத்திரி 2 மணிக்கு ரயில் இறங்கி ஆட்டோவில் வருவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த காவலர் பயந்து கேட்டைத் திறக்க மாட்டார், இல்லையென்றால் எதுவும் கேட்காமல் திறந்துவிடுவார், இரண்டுமே தப்பு. ஒரு தடவை டயாலிசிஸ் நோயாளி ஒருவரை அரை மணி நேரம் ரோட்டில் உட்கார வைத்துவிட்டார்கள், எனக்கு மனசு ஆறவே இல்லை. இப்போது ராத்திரி முன் கேட்டுக்கு இந்தி பேசத் தெரிந்த முன்னாள் ராணுவத்துக்காரர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். வீட்டுக்காரர் முதல் நாளே வருகிறவர் பெயர், எத்தனை பேர், ஆதார் நகல் எல்லாம் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். சத்துவாச்சாரியிலும் இப்படி வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், உங்கள் கட்டடத்தில் இருந்தால் பாருங்கள் தம்பி.

சத்துவாச்சாரி_செயலாளர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று ஃபீல்டு ஆபீசரை வரச்சொல்லிக் கேட்டேன், எங்களுக்கு ஒதுக்கியிருப்பது 4 பேர்தான், ரிலீவர் கிடையாது. பில் பிரித்துக் கொடுக்கக் கேட்டதற்கு ஓனரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அக்கா, எங்கள் கட்டடத்திலும் மூன்று வீடு அப்படி ஓடுகிறது. ரவுண்ட்ஸ் நோட்டுக்குப் பதில் என்ன செய்யலாம்?

காந்திநகர்_பொருளாளர்:
நோட்டை நம்பாதீர்கள். பின் கேட், மொட்டைமாடிக் கதவு, ஜெனரேட்டர் ரூம், பார்க்கிங் மூலை என்று நாலைந்து இடத்தில் க்யூஆர் கோடு ஒட்டுங்கள், காவலர் போனில் ஸ்கேன் செய்தால் நேரத்தோடு பதிவாகும். அதற்கான ஆப்பும் டூட்டி போனும் ஏஜென்சி கொடுக்க வேண்டும், காவலரின் சொந்த போனையும் டேட்டாவையும் கேட்கக் கூடாது. அதோடு ஏஜென்சி சூப்பர்வைசர் மாதத்தில் சில நாள் ராத்திரியில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அந்த நேரத்தை உங்கள் சிசிடிவியோடு ஒப்பிடுங்கள்.

ஓனர் பில்லைப் பிரிக்க மாட்டேன் என்றால் ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்த்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இருக்கிற காவலர்களில் நல்லவர் யாராவது இருந்தால் புது ஏஜென்சியில் அவரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், வீட்டுக்காரர்களைத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசி மாத பில்லைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் சம்பள பாக்கி இல்லை என்று காவலர்களிடமே எழுதி வாங்குங்கள். மாற்றுகிற அன்று மோட்டார் ரூம், மொட்டைமாடி சாவிகளைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பப் பெற்று, சிசிடிவி பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.