வயலுக்கு மேலே பறப்பது தகைவிலானா, பனை உழவாரனா?

அராலியூரான்:
வணக்கம். எங்கள் வயல் யாழ்ப்பாணத்து அராலியில், கடலேரிப் பக்கம். புரட்டாதியில் உழவு தொடங்கினால் டிராக்டருக்குப் பின்னால் சின்னக் கருங்குருவிகள் நிலத்தை உரசுகிற மாதிரிப் பறந்து திரிகின்றன. வேலியோரப் பனைகளைச் சுற்றியும் ஏறக்குறைய அதே அளவான குருவிகள், அவை வருடம் முழுக்க நிற்கின்றன. இரண்டும் ஒன்றா? நோர்வேயில் இருக்கும் அக்கா ஒரு படம் அனுப்பினா. மாட்டுக்கொட்டில் வளையில் கூடு கட்டிய குருவி, எங்கள் வயலில் வருவது போலவே இருக்கிறது. அங்கே அது கோடைக்கு வருமாம். அதுதான் இங்கேயும் வருகிறதா?

நாவற்குழி ரீச்சர்:
தம்பி, இரண்டும் வேறு. பனையைச் சுற்றுவது பனை உழவாரன், இந்த ஊர்க் குருவி. காவோலையில் இறகுகளை எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். அதன் கால் பற்றித் தொங்கத்தான் உதவும், கம்பியில் குந்த வராது. டிராக்டருக்குப் பின்னால் வருவது தகைவிலான். களைத்தால் கரண்ட் கம்பியில் வரிசையாகக் குந்தும். நிறத்தைப் பார்க்க முதல் நான் இதைத்தான் பார்ப்பேன்.

குந்தியிருக்கும்போது முதுகு கருநீலமாக மினுங்கும். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், அதற்குக் கீழே கறுப்புப் பட்டி, வயிறு வெள்ளை. படத்தில் காட்டுகிற நீண்ட கம்பிவாலை ஐப்பசியில் தேடினால் ஏமாற்றம்தான். அப்போது வருபவற்றில் குஞ்சுகள் நிறைய, தொண்டையும் வெளிறியிருக்கும். இங்கே நிற்கிற மாதங்களில்தான் இறகு மாற்றும். மாசி, பங்குனியில் பாருங்கள், வால் நீண்டு பறவையே வேறு மாதிரி இருக்கும். எனக்கு அந்த மாதங்கள்தான் விருப்பம்.

அக்காவின் குருவியும் இதே இனம். ஆனால் நோர்வேயில் கூடு வைப்பவை குளிருக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றன. எங்களிடம் வாடைக்காற்றோடு வருபவை ஆசியக் குருவிகள். இமயமலை தொடக்கம் சீனா, யப்பான் வரை கூடு வைக்கிற கிளையினம்தான் அதிகம். அந்த ஊர்களுக்கு அது கோடை விருந்தாளி, எங்களுக்கு மாரி விருந்தாளி. இங்கே கூடு வைக்காது.

மட்டுவில் வாசகன்:
ரீச்சர் சொன்னதோடு ஒன்று. கம்பியில் குந்துவதெல்லாம் தகைவிலான் என்று எடுக்க வேண்டாம். பனை உச்சியிலும் கம்பியிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும் சாம்பல் நிறக் குருவி ஒன்று உண்டு. சொண்டு தடிப்பு, வால் கட்டை. பறந்து பூச்சி பிடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வரும்.

அராலியூரான்:
நன்றி ரீச்சர், நன்றி அண்ணை. இன்று பின்னேரம் பார்த்தேன், கம்பியில் இருந்தவற்றுக்குத் தொண்டை சிவப்புத்தான். இவற்றால் பயிருக்குப் பாதிப்பு இல்லையே?

நாவற்குழி ரீச்சர்:
ஒரு மணி நெல்லும் தொடாது தம்பி. பறக்கிற பூச்சிதான் முழுச் சாப்பாடும். அதனால்தான் கேட்கிறேன், பூச்சியைக் கண்டவுடன் மருந்து அடிக்காதீர்கள். வயலில் இறங்கிப் பாருங்கள், உண்மையில் தேவையென்றால் மட்டும் அடியுங்கள். பூச்சி இல்லாத வயலுக்கு மேலே இவை நிற்காது. சித்திரைக்குள் பெரும்பாலானவை போய்விடும், அதற்கு முதல் நீண்ட வாலோடு ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.