மழைக்காலம் முடிந்ததும் பர்வதமலை: வழுக்கி விழாமல் இறங்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி – காட்பாடிக்காரர்

மழை ஓய்ந்தபின் நண்பர்கள் சிலர் சேர்ந்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் உச்சியில் சிவன் கோயில் உள்ள பர்வதமலை ஏற எண்ணியுள்ளோம். பலரும் ஐம்பதைக் கடந்தவர்கள். ஏலகிரியில் சுவாமிமலைப் பாதையில் எங்களுள் ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து மற்றவர்களுக்கும் அச்சம் வந்துவிட்டது. சிரமமின்றி ஏறியவர் இறங்கும்போது விழக் காரணம் என்ன? காலணி, ஊன்றுகோல் பற்றியும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் – ஆரணி மலைநடையர்

ஐயா, இறக்கத்தை எளிதென்று எண்ணுவதே ஆபத்து. ஆஸ்திரிய மலைகளில் நடப்போரின் விபத்துகளை ஆராய்ந்தபோது, விழுந்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இறங்கும்போதே விழுந்திருந்தது தெரிந்தது. இறங்கும்போது தொடைத் தசை உடல் எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது; ஏற்றத்தில் ஏற்கெனவே களைத்துப்போன அந்தத் தசையால், கால் சற்றே நழுவினாலும் உடனே சுதாரித்து உடலை நிறுத்த முடிவதில்லை. ஆகவே உச்சியில் அமர்ந்து, உண்டு, நீர் அருந்திக் களைப்பாறிய பின்னரே இறங்கத் தொடங்குங்கள்; இருட்டுமுன் அடிவாரம் சேரும்படி நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அச்சத்தில் உடலைப் பின்னால் சாய்ப்பது பலருடைய வழக்கம். அப்போது பாதத்தின் பிடி குறைந்து கால் முன்னே ஓடிவிடும். முழங்காலைச் சற்று மடக்கி, எடை பாதத்தின் மேலேயே நிற்கும்படி சிறு சிறு அடிகளாக வைக்க வேண்டும். வழவழப்பான பாறையில் சிதறிக் கிடக்கும் சரளை, கோலிக்குண்டுகளைப் போலக் காலுக்கடியில் உருளும் என்பதால், ஈரமில்லாத நாளிலும் அதை மிதிக்காதீர்கள்.

பதில் – போளூர் அன்பர்

பக்தியால் வெறுங்காலோடு ஏறுவோரை நான் தடுக்க மாட்டேன். காலணி அணிவோர் அதன் அடிப்பகுதியின் வரிப்பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். இறங்குமுன் கயிற்றை இறுகக் கட்டினால் விரல்கள் முன்னே இடிபடா. ஊன்றுகோல் முழங்காலின் சுமையைக் குறைக்கும். இறக்கத்தில் அதைச் சற்று நீட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடப்பாறை நெட்டு எனப்படும் செங்குத்துப் பாறைப் பகுதியில் இரண்டு கைகளும் சங்கிலிக்கும் கம்பிக்கும் தேவைப்படுவதால், அங்கே அதை மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள். அவ்விடத்தில் பாறையைப் பார்த்தபடி இறங்குவதே பாதுகாப்பு. முன்னால் செல்பவர் இறங்கி விலகும்வரை காத்திருங்கள்; மேலே இருப்பவர் நழுவினால் கீழே இருப்பவரையும் இழுத்துச் சென்றுவிடுவார். பௌர்ணமி நெரிசலில் இந்த இடைவெளி கிடைக்காது, ஆகையால் வேறு நாளில் செல்லுங்கள்.

பதில் – ஆரணி மலைநடையர்

ஒன்று விடுபட்டது. மழை நின்றபின்னும் பாறை இடுக்குகளிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். கருமையாகவோ பசுமையாகவோ தெரியும் இடம் பெரும்பாலும் பாசிதான். அதைச் சுற்றிச் செல்லுங்கள். நல்ல வெயில் அடித்துச் சில நாட்கள் கழிந்த பிறகே புறப்படுங்கள். யாரேனும் விழுந்து கழுத்திலோ முதுகிலோ வலி என்றால், தூக்கி நிறுத்த முயலாமல் படுத்தபடியே வைத்து 108-ஐ அழையுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், ஒருவரை அடிபட்டவருடன் இருத்திவிட்டு இருவர் சேர்ந்து கீழே செல்லும் அளவுக்கேனும் ஆட்கள் குழுவில் இருக்கட்டும்.