புதுப்பிப்பு: இரவில் அணைந்த கேமரா – குற்றவாளி பேட்டரி அல்ல

பவர் பேங்கில் ஓடும் என் வைஃபை கேமரா பகலில் ஒழுங்காக இருந்து, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பலரும் வைஃபை சிக்னலைச் சந்தேகித்தீர்கள். நான் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டுமே இல்லை, கேபிள்!

மீட்டரை வைத்துப் பார்த்தேன். கேமரா இழுக்கும் மின்னோட்டம் பகலில் 0.35 ஆம்பியர். இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவிலேயே உள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் அது 0.7 ஆகிறது. மூன்று மீட்டர் நீளமுள்ள அந்த மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் சரிந்து, மறுமுனையில் 5 வோல்ட்டுக்குப் பதில் 4.4 வோல்ட்தான் மிஞ்சுகிறது. கேமரா மயங்கி விழுகிறது, விளக்கு அணைகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, மறுபடி எழுகிறது. விடிய விடிய இதே கூத்து. அரை மீட்டர் தடித்த கேபிள் போட்டேன், தீர்ந்தது.

ஆனாலும் பவர் பேங்க் ஒரு நாளைத் தாண்டவில்லை. 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறி, 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரையும் அதே பெட்டியில் அடைத்துவிட்டேன். கணக்குப்படி 153.6 வாட்-மணி. கன்வெர்ட்டர் தின்றது போக 53 மணி நேரம் ஓடியது. தூக்கிக்கொண்டு நடக்கக் கொஞ்சம் கனம்தான்.

இப்போதைய தலைவலி ஒரு சிலந்தி. விளக்கைத் தேடிவரும் பூச்சிகளுக்காக லென்ஸின் முன்னாலேயே வலை பின்னுகிறது. நேற்றிரவு பதிவான நாற்பது காட்சிகளிலும் அதுதான் நாயகன். விளக்கைத் தனியாகக் கழற்றித் தள்ளி வைக்கப்போகிறேன்.