சொல் வேண்டும்: சிலைக்குள் இருக்கும் ஆர்மேச்சர், சிறிதாகச் செய்து பார்க்கும் மாக்கெட்

காரைக்குடி ஆசிரியை:
வணக்கம். ஓவிய வகுப்புக்குக் கையேடு எழுதுகிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. களிமண் உருவம் சரியாமல் நிற்க உள்ளே கட்டுவது ஆர்மேச்சர். பெரிய சிலைக்கு முன்னால் கையளவில் செய்து பார்ப்பது மாக்கெட். ஆர்மேச்சர் என்றே போட்டால் பிள்ளைகள் மோட்டார் வைண்டிங் கடையை நினைக்கும். மாக்கெட்டுக்கு முன்மாதிரி என்று வைக்கலாம் என்றால், அந்தச் சொல்லை அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டது.

தேவகோட்டைப் புலவர்:
யாக்கை என்று வையுங்கள் அம்மா. யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் சேர்த்துக் கட்டியதால் உடம்புக்கு அந்தப் பெயர். செய்யுளுக்கு யாப்பு. நரம்பு கட்டிய யாழும் அதே வேர்தான் என்பது என் துணிபு, தனியாக எழுதுகிறேன்.

கண்டனூர்:
தனியாகவே எழுதுங்கள் ஐயா. யாக்கை நிலையாமை படித்தவனுக்கு அது முழு உடம்பு. 'என்புதோல் போர்த்த உடம்பு' என்கிற குறளில் நமக்கு வேண்டியது என்பு மட்டும்தான். சுதை வேலை செய்கிறவரிடம் கேட்டால் கம்பி கட்டுவது என்பார். கம்பிக்கட்டு போதும்.

புலவர்:
கம்பி மட்டுமா? பிரெஞ்சு ஓவியர் டெகா 1881இல் காட்சிக்கு வைத்த நடனச் சிறுமியின் மெழுகுச் சிலையை எக்ஸ்ரே எடுத்தால் கைக்குள் தூரிகைக் காம்புகள். நம் கடுசர்க்கரை மூர்த்தங்களுக்கு, அதாவது பல பொருள் குழைத்த சாந்தை அப்பிச் செய்யும் கோயில் சிலைகளுக்கு, உள்ளே மரம், பெயர் சூலம். அதன்மேல் நரம்பு போலத் தேங்காய் நார்க்கயிறு சுற்றுவார்கள்.

கண்டனூர்:
சூலம் என்றால் பிள்ளைகள் காளி கோயிலுக்குப் போய்விடும். உள்கூடு?

மானாமதுரை:
கூடு வேண்டாம் அண்ணே. எங்கள் பக்கம் கூடு என்றால் உள்ளே வெற்றிடம். புரவி எடுப்பில் அய்யனாருக்கு வைக்கும் சுடுமண் குதிரை அப்படித்தான், கம்பியே கிடையாது. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, வெடித்துவிடும். சூளைக்குப் போகிற உருவத்துக்குள் கம்பியை விட்டுவைக்க முடியாது. அச்செடுத்து உலோகத்திலோ சிமெண்டிலோ வார்க்கிற சிலைக்குத்தான் அது. கையேட்டில் 'எல்லா மண்சிலைக்கும்' என்று எழுதிவிடாதீர்கள் டீச்சர். உட்சட்டகம் என்றால் குழப்பம் இல்லை.

புலவர்:
சட்டகம் நல்ல பழஞ்சொல், மறுக்கவில்லை. ஆனாலும் படச்சட்டம் மாதிரி விறைப்பாக இருக்கிறது. இதுவோ வளைய வேண்டியது.

மானாமதுரை:
வளைவதெல்லாம் மண் அப்பும்வரைதான் ஐயா. அப்பிய பிறகு இடுப்பை ஒரு விரல் நகர்த்தினால் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். சின்னதைச் செய்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, அளவெடுத்துப் பெருக்கிக் கட்டுவது அதற்காகத்தான்.

ஆசிரியை:
அந்தச் சின்னதற்குத்தான் பெயர் கேட்கிறேன்!

புலவர்:
குறும்பாவை.

கண்டனூர்:
கொலுவில் வைக்கவா? சிறுமாதிரி.

ஆசிரியை:
சரி. பெரும்பாலோர் சொல்வதால் உட்சட்டகம், சிறுமாதிரி. பக்கத்தில் ஒருமுறை மட்டும் ஆர்மேச்சர், மாக்கெட்.

புலவர்:
யாக்கைக்கு அடிக்குறிப்பாவது உண்டா?

கண்டனூர்:
ஈர மண் வழுக்காமலிருக்கக் கம்பியில் தொங்கவிடும் குறுக்குக் கட்டை இருக்கிறதே, ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சி என்கிறார்கள். அதற்கு என்ன வைப்பது?

ஆசிரியை:
பட்டாம்பூச்சியே இருக்கட்டும். ஆளை விடுங்கள்.