திருவிழாக் கடைத்தெருவில் மணி கோத்தவரும் முகம் எழுதியவரும்: சில அனுபவங்கள்

தூத்துக்குடியிலிருந்து, தொடக்கப் பகிர்வு

திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் ஊர் ஊராக வந்து தம் கைவேலையை விற்கும் கலைஞர்களிடம், விலை கேட்டு நகர்ந்துவிடாமல், சற்று நேரம் அமர்ந்து பேசிய அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு என் தம்பி ஐந்து ஆண்டுகளாகக் காளி வேடம் கட்டுகிறான். கொடியேற்றத்துக்குப் பின் காப்புக் கட்டிக்கொண்டு, வேடமணிந்து ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்று, அதைக் கோயிலில் கொண்டுவந்து செலுத்துவது நேர்த்திக்கடன். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கும். அந்த நாள்களில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் முழுவதும் கடைகளாகிவிடும். கிரீடம், சடைமுடி, சூலம், சலங்கை ஆகியவற்றை விற்பவர்கள் பந்தல் போட்டு விளக்கு கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே, தலைக்கு மேல் எதுவும் இல்லாமல், தரையில் ஒரு விரிப்பைப் போட்டுப் பாசிமணிகளைப் பரப்பி அமர்ந்திருப்பவர்கள் நரிக்குறவர்கள்.

சென்ற ஆண்டு தம்பிக்காகக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மணிமாலை, அவன் ஆடிய முதல் இரவிலேயே அறுந்து மண்ணில் சிதறிவிட்டது. மறுநாள் காலையில் அந்த விரிப்புகளில் ஒன்றின் முன் போய் நின்றோம். அங்கே அமர்ந்திருந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாலை வேண்டும் என்றதும் அவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. தம்பியை ஒருமுறை குதித்துக் காட்டச் சொன்னார். நின்று கும்பிடுகிறவருக்குக் கோக்கும் மாலை வேறு, ஆடுகிறவருக்குக் கோக்கும் மாலை வேறு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தூண்டில் நரம்பை இரட்டையாக மடித்து, ஐந்து மணிக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே வந்தார். எங்காவது அறுந்தாலும் ஐந்து மணிதான் போகும், மாலை கழுத்தில் நிற்கும் என்றார். பிடரியில் படும் இடத்தில் மணியே கோக்காமல், சிவப்புத் துணியைக் கிழித்துத் திரித்து நரம்பின் மேல் சுற்றினார். வியர்வையில் ஊறிய கழுத்தை நரம்பு அறுத்துவிடாமல் இருப்பதற்காக அது. பிறகு சிறிய மூக்குக் குறடால் பித்தளைக் கம்பியை இரண்டு திருப்பு திருப்பிக் கொக்கி செய்து, கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துச் சோதித்த அந்த ஒரு செயலுக்காகவே நான் அங்கு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் அங்கிருந்தபோதே குறத்தி வேடம் போட்ட நான்கு இளைஞர்கள் மணி வாங்க வந்தார்கள். அவர்களுக்கும் அவர் அதே அக்கறையோடு எடுத்துக் கொடுத்தார். ஒருவன் மாலையைத் திருப்பிப் போட்டிருந்ததைத் தானே எழுந்து சரிசெய்தார். அவர்கள் போன பிறகு, தங்கள் வீட்டில் பேசும் மொழி வாக்ரிபோலி என்றும், அந்த வேடத்தில் பேசிக் காட்டப்படுவது தங்கள் பேச்சே இல்லை என்றும் அமைதியாகச் சொன்னார். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. மேடைகளில் ஆபாசமாக ஆடப்பட்டுவந்த குறவன் குறத்தி ஆட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. நேர்த்திக்கடனுக்காக அந்த வேடம் போடுகிறவர்களின் பக்தியில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த வேடத்துக்கு மணி கோத்துக் கொடுப்பவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடன்குடியிலிருந்து

நீங்கள் கழுத்தைப் பற்றி எழுதினீர்கள், நான் முகத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் தசராக் குழுவுக்கு முகம் எழுத வருபவர் நாடக மேடையில் ஒப்பனை பழகிய பெரியவர். தகரப்பெட்டி ஒன்றோடு வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, விடியற்காலையிலிருந்து ஒவ்வொருவராக எழுதுவார். முதலில் தேங்காய் எண்ணெயை முகம் முழுவதும் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிடுவார். அதன் மேல்தான் வெள்ளை, அதற்கு மேல்தான் நீலமும் சிவப்பும். புருவத்தின் ஓரத்திலும் கண்ணின் கடைக்கோட்டிலும் தூரிகையைத் தொட மாட்டார். தென்னை ஈர்க்கின் நுனியைப் பல்லால் மென்று நாராக்கி, அதை மையில் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் கோட்டை முடிப்பார்.

ஓராண்டு அவர் வர நேரமானதால், கடையில் வாங்கிய மலிவான வண்ணக் குழம்பை நாங்களே பூசிக்கொண்டோம். மாலைக்குள் இருவருக்கு முகம் தடித்து, ஒருவருக்கு இமை வீங்கி, மருத்துவரிடம் போகும்படி ஆயிற்று. பெரியவர் வந்ததும் திட்டவில்லை; எண்ணெயில் நனைத்த பஞ்சால் பொறுமையாக எல்லாவற்றையும் துடைத்து எடுத்தார். எந்த வண்ணமானாலும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கத்தில் பொட்டளவு தடவிப் பார்க்க வேண்டும் என்றும், சோப்பு போட்டுத் தேய்த்து அழிக்கக் கூடாது, எண்ணெய் கொண்டே எடுத்த பிறகு கடலைமாவால் கழுவ வேண்டும் என்றும் அன்று சொல்லிக் கொடுத்தார். இப்போது பள்ளி விழாக்களிலும் வணிக வளாகங்களிலும் குழந்தைகளின் கன்னத்தில் பட்டாம்பூச்சியும் புலியும் வரைகிறார்கள். என் மகளுக்கு வரைவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, என்ன வண்ணம், எதைக் கொண்டு அழிக்க வேண்டும் என்பதுதான். நல்ல கலைஞர்கள் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறார்கள்.

மதுரையிலிருந்து

இசையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள் எதிர்சேவையின்போது, தல்லாகுளத்தில் கொட்டாங்குச்சி வயலின் விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு கட்டு வயலின் தொங்க, கையில் ஒன்றை வைத்து வாசித்துக்கொண்டே கூட்டத்துக்குள் நடப்பார்கள். சிறு வயதில் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிய ஒவ்வொரு வயலினும் வீட்டுக்கு வந்ததும் கீச்சென்று ஒலித்ததோடு சரி. விற்றவர் வாசித்தபோது முழுப் பாட்டாக வந்தது நம் கையில் ஏன் வரவில்லை என்ற கேள்வி எனக்குள் முப்பது ஆண்டுகள் இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வியை ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஒரு கடையின் படியில் அமர்ந்து, என் வயலினை வாங்கிப் பார்த்தார். ஓட்டின் வாயில் ஒட்டியிருந்த தாள் ஈரத்தில் தொய்ந்திருந்தது. தேநீர்க் கடை அடுப்பின் அருகில் சற்றுக் காட்டியதும் அது விறைத்துக்கொண்டது. கம்பிகளைத் தாங்கும் குதிரை என்பது ஒரு தீக்குச்சித் துண்டுதான். அதை நடுவிலிருந்து விரல் நுனியளவு தள்ளி வைத்ததும் ஒலி மாறியது. பிறகு மடியிலிருந்து ஒரு குங்கிலியக் கட்டியை எடுத்து வில்லின் நாரில் மேலும் கீழுமாகத் தேய்த்தார். அது இல்லாத வில் கம்பியைப் பிடிக்காது, வழுக்கும். ஒலி பிறப்பது வில் கம்பியைப் பிடித்துப் பிடித்து விடுவதால்தான் என்று எனக்கு விளங்கும்படி சொன்னார். எங்களுக்கு முன்பே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டவங்க இல்ல தம்பி. எல்லாரும் வாங்கிட்டு ஓடுறாங்க" என்றார். அரை மணி நேரத்தில் நான்கு சுரங்களை வரிசையாக எடுக்கக் கற்றுக் கொடுத்தார். வயலினின் விலையைத் தவிர வேறு எதுவும் வாங்க மறுத்தவரிடம், கற்றுக் கொடுத்ததற்குத் தட்சிணை என்று சொல்லித்தான் பணத்தைக் கையில் வைக்க முடிந்தது.

திருச்சியிலிருந்து

எங்கள் பக்கம் தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து மணி விற்க வெளியூர் செல்லும் குடும்பம் ஒன்றோடு எனக்கு நெடுநாள் பழக்கம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களுக்கான துளசி மாலையும் ருத்ராட்ச மாலையும், 54 மணியிலும் 108 மணியிலும் கோக்கும் வேலை அவர்கள் வீட்டில் இரவெல்லாம் நடக்கும். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழை எண்ணி அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நேரில் பார்த்தேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஓர் ஊர்த் திருவிழாவில் கடைகளை ஏலம் எடுத்தவரின் ஆள்கள், இரண்டு முழ விரிப்புக்கும் பந்தல் கடைக்குக் கேட்ட தொகையையே கேட்டார்கள். அன்று மாலை வரை விற்றது அந்தத் தொகையில் பாதிகூட இல்லை. நாங்கள் சிலர் போய்ப் பேசிய பிறகு குறைத்துக்கொண்டார்கள். விழாக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தரையில் அமர்ந்து விற்பவர்களுக்கென்று நான்கு கெஜ இடத்தையாவது வாடகையின்றி ஒதுக்குங்கள். மழைக்கு ஒதுங்க ஒரு தார்ப்பாயும் இருந்தால் நல்லது.

மீண்டும் தூத்துக்குடியிலிருந்து

எழுதிய அனைவருக்கும் நன்றி. திருச்சி நண்பர் சொன்னதை எங்கள் ஊர்க் கொடை விழாக் குழுவில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இந்த ஆண்டு ஆலமரத்தடியை ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

இந்தத் தசராவுக்கும் குலசைக்குப் போனோம். அந்த அக்கா அதே இடத்தில் இருந்தார். தம்பியின் மாலை அறுந்திருக்கவில்லை. ஓரிடத்தில் ஐந்து மணி மட்டும் போயிருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து அதே சிவப்பில் ஐந்து மணிகளை எடுத்து, பழைய முடிச்சுகள் இரண்டுக்கும் நடுவே கோத்து இறுக்கினார். காசு எவ்வளவு என்று கேட்டேன். பிடரித் துணி நைந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும், சற்று உட்காருங்கள் என்றார்.