நிலா யாரிடம் தோற்றது?

திருத்துகோல்:
நேற்று ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது’ என்று வந்தது. ‘நல்லபடியாக முடிந்தது’ என்று மாற்றினேன். எனக்கு மேலே இருப்பவர் பழையபடியே ஆக்கிவிட்டார். கேட்டால், ‘அதுதானே வழக்கம்’ என்கிறார். மனசு ஆறவில்லை, இங்கே கொட்டுகிறேன்.

வெல் என்பதிலிருந்து வந்தது வெற்றி. ஒருவன் வென்றால் எதிரே ஒருவன் தோற்றிருக்க வேண்டும். சிகிச்சையில் தோற்றது யார்? சந்திரயான்-3 தரையிறங்கிய 23.8.2023 அன்றும் ‘வெற்றி’ என்று கொட்டை எழுத்தில் போட்டோம். நிலா யாரிடம் தோற்றது? கைகூடியது, பலித்தது, ஈடேறியது, நிறைவேறியது என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டு வெற்றி ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறோம். இங்கிலீஷ் ‘சக்சஸ்’ஸைப் பார்த்து வந்த பழக்கம்.

கெலிப்பு:
சிகிச்சையில் தோற்றது நோய். அடுத்த கேள்வி?

விளையாட்டு இருக்கட்டும். ‘தரையிறக்கம் கைகூடியது’ என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள், கல்யாணம் கைகூடிய மாதிரி இருக்கும். சொல்லுக்கு ஒரு எடை உண்டு. நான்கு வருடம் உழைத்து ஒரு கலத்தை இறக்கியவர்களுக்குப் ‘பலித்தது’ போதாது. அது ஜோசியம் பலித்ததற்குச் சொல்வது.

திருத்துகோல்:
நீங்களே கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். ‘கல்யாணம் வெற்றி பெற்றது’ என்று யாராவது சொல்கிறோமா? சொன்னால் சம்பந்தி வீட்டார் தோற்றுவிட்டார்கள் என்று ஆகிவிடும்! வாயில் சரியாக வருவது எழுதும்போது மட்டும் ஏன் தடம் மாறுகிறது என்பதுதான் என் கேள்வி.

சாயங்காலம்:
திருத்துகோல் சொல்வதில் விஷயம் இருக்கிறது. என் மாமா கடனில் மூழ்கிக் கிடந்து மீண்டவர். அம்மா அவரைப் பற்றிப் பேசினால், ‘எல்லாத்தையும் அடைச்சு ஒருவழியா கரையேறிட்டான்’ என்பார். ‘ஜெயிச்சுட்டான்’ என்று சொன்னால் அம்மா அகராதியில் கேஸ் ஜெயித்தான் என்று அர்த்தம். தலையெடுத்தான், ஆளாகிவிட்டான், முன்னுக்கு வந்தான் என்றெல்லாம் சொல்வார். ‘வெற்றி பெற்ற மனிதர்’ என்பதை நான் தன்னம்பிக்கைப் புத்தகங்களில் மட்டும்தான் பார்க்கிறேன்.

கெலிப்பு:
முன்னுக்கு வந்தான் என்றால் பின்னால் யாரோ நிற்கிறான் என்றுதானே பொருள்? அதையும் தடை செய்துவிடலாமா?

திருத்துகோல்:
தடை என்று நான் எங்கே சொன்னேன்? அப்புறம், ‘கெலிப்பு’ என்று பெயர் வைத்துக்கொண்டு வெற்றிக்கு வக்காலத்தா?

கெலிப்பு:
தெலுங்கில் கெலுபு, கன்னடத்தில் கெலுவு. இரண்டும் வெற்றிதான், வெல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. சொந்தம் விட்டுப் போகுமா?

ஏட்டுச்சுரைக்காய்:
கறிக்கு உதவாது என்று தெரிந்தும் வருகிறேன். ‘எதிரே ஒருவன் தோற்க வேண்டும்’ என்பது வெல் என்ற வினைக்குச் சரி. ஆனால் வெற்றியைப் பற்றிய நம் பழைய எண்ணம் அவ்வளவு குறுகியது அல்ல. வெற்றியைப் பாடும் பகுதிக்கு வாகைத் திணை என்று பெயர். தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் இலக்கணம், அவரவர் தத்தம் கூறுபாட்டில் மிகுந்து நிற்பது. அதில் அரசனுக்கும் இடம் உண்டு, போரே செய்யாத அறிவனுக்கும், தவம் செய்யும் தாபதருக்கும் இடம் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில் அரச வாகையோடு வாணிக வாகை, வேளாண் வாகை என்று துறைகள் இருக்கின்றன. உழுகிறவன் தன் வேலையில் சிறந்து நின்றால் அதுவும் வாகை. அங்கே தோற்றது யார்? மண்ணா?

ஆக, செய்நேர்த்திக்கும் வெற்றிக்கும் உள்ள உறவு நேற்று இங்கிலீஷைப் பார்த்து வந்தது இல்லை.

திருத்துகோல்:
இது எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டுவது வாகை. நான் சண்டை போடுவது வெற்றியோடு. வாகையை அப்படி எழுதுங்கள், நான் கை வைக்கமாட்டேன்.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வாகை என்பது பூவா, மரமா?

ஏட்டுச்சுரைக்காய்:
மரமும்தான், பூவும்தான். பூ இதழ் இதழாக இருக்காது, மெல்லிய இழைகள் குஞ்சம் மாதிரி நிற்கும். காய்ந்த நெற்று காற்றில் கலகலவென்று சத்தம் போடும். குறுந்தொகையின் 7ஆம் பாட்டில் அந்தச் சத்தத்தைக் கயிற்றின் மேல் ஆடுகிறவர்களின் பறையொலிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். ‘வாகை சூடினார்’ என்று தினமும் எழுதுகிறோம், அந்தப் பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர் எத்தனை பேரோ!

கெலிப்பு:
பூவை அப்புறம் பார்க்கலாம். எதிராளி தோற்றால்தான் வெற்றி என்கிறாரே திருத்துகோல், ‘ஊடலில் தோற்றவர் வென்றார்’ என்று வள்ளுவர் சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

திருத்துகோல்:
அதிலும் இரண்டு பேர் இருக்கிறார்களே ஐயா! அது என் கட்சிச் சாட்சி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘பதக்கம் வென்றார்’, ‘கோப்பையை வென்றது’ என்பதும் இங்கிலீஷ் வாடைதான். எதிராளியைத்தான் வெல்ல முடியும். கோப்பையை வாங்கலாம், கைப்பற்றலாம்.

ஏட்டுச்சுரைக்காய்:
அவசரப்பட்டுவிட்டீர்கள். வள்ளுவரிடமே போவோம், 931ஆம் குறள்:

வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.

இங்கே ‘வென்றதூஉம்’ என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் உரை, வென்ற பொருளும் என்பது. சூதில் கைக்கு வந்த காசு. பொன் என்பது இங்கே இரும்பு. தூண்டில் இரும்பை இரை என்று மீன் விழுங்குகிறது, அந்த இரும்பின் இடத்தில் இருப்பது ஜெயித்த பணம். காசை வெல்லலாம் என்றால் பதக்கத்தை வெல்லக்கூடாதா?

கெலிப்பு:
அண்ணே, நீங்கள் கறிக்கு உதவுகிறீர்கள்.

சாயங்காலம்:
‘வெற்றிகரமாக’வை மட்டும் யாரும் காப்பாற்ற வராதீர்கள். படம் வந்து ஓடுகிறதோ இல்லையோ, சுவரில் ‘வெற்றிகரமான 2ஆவது வாரம்’ என்று ஒட்டி ஒட்டி அந்தச் சொல்லுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு வாரம் ஆயிற்று என்பதைத் தவிர அதில் ஒரு தகவலும் இல்லை.

திருத்துகோல்:
சரி. ‘பதக்கம் வென்றார்’ இனி என் பேனாவிலிருந்து தப்பித்தது. பரிமேலழகருக்கு முன் நான் எம்மாத்திரம். ‘வெற்றிகரமாக’வை விடமாட்டேன். நோயாளி எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார் என்று எழுதலாமே. வாசகருக்கு வேண்டியது அதுதான்.

கெலிப்பு:
அப்படியே வையுங்கள். சந்திரயான்-2க்கு என்ன எழுதுவீர்கள்? 2019 செப்டம்பரில் பாதி போயிற்று, பாதி பிழைத்தது. வெற்றி என்பீர்களா, தோல்வி என்பீர்களா, கைகூடவில்லை என்பீர்களா?

திருத்துகோல்:
தரையிறங்க வேண்டிய கலம் கடைசி நேரத்தில் தொடர்பிழந்தது, மேலே இருந்த கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எழுதுவேன்.

கெலிப்பு:
தலைப்புக்கு இடம் போதாது!